வலப் பக்கம் இரண்டு அங்குலம்

என் மனைவி வசந்தமலரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகைக் கார்கள்தான் உண்டு: வெள்ளைக் கார், வெள்ளையில்லாத கார். திருமணமாகி முப்பத்தொரு வருடத்தில் ஒரு காரின் பெயரை அவள் சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஐம்பத்தேழு வயதில், கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கவுன்சில் கராஜ் ஒன்றில் நின்று, ஒரு காரின் முன்பக்கம் முழுவதையும் தன் கையால் செய்து முடித்தாள். கேட்டால், "சும்மா கொஞ்சம் துணி ஒட்டினனான்" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விடுவாள். முப்பத்தொரு வருடமாக அவளிடம் குற்றம் கண்டுபிடிப்பதையே வேலையாக வைத்திருந்தவன் நான். நல்லதையும் நானே எழுதுவதுதான் நியாயம்.

காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, பின்னேரம் வீட்டின் முன்னறையில் பிளவுஸ் தையல், இதுதான் வசந்தமலரின் நாள். பார்க்கிங், எட்மண்டன் ஊர்களிலிருந்து கலியாணப் பெண்கள் தேடி வருவார்கள். அளவுகளைப் பென்சிலால் துண்டுக் கடதாசியில் எழுதித் துணியோடு குத்தி வைப்பாள். தைக்கும்போது வாயில் நாலு குண்டூசி இருக்கும். அதனால் நான் என்ன சொன்னாலும் அவளால் திருப்பிச் சொல்ல முடியாது. எங்கள் குடும்பம் இவ்வளவு காலம் உடையாமல் இருந்ததற்கு அந்தக் குண்டூசிகளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் சண்முகராசா. இருபத்தாறு வருடம் கிழக்கு லண்டனில் பஸ் ஓட்டினேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில். இரண்டு வருடத்துக்கு முன் வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் தேநீர்க் கோப்பை காட்டிக்கொடுத்தது, பிறகு கையெழுத்து. டாக்டர் அந்த நடுக்கத்துக்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை தந்தார். பஸ் ஓட்டும் லைசன்ஸை நானே திருப்பிக் கொடுத்தேன். கார் லைசன்ஸை மட்டும் ஒரு வருடத்துக்குத் தந்து, அடுத்த செப்டெம்பரில் மறுபடி பார்க்கிறோம் என்று கடிதம் போட்டார்கள். வாழ்நாளெல்லாம் ஓட்டியவனுக்கு ஒரு வருடம் என்றால் எப்படியிருக்கும்? கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். ஏறத்தாழ ஒரு மாதம் எழும்பவில்லை.

என்னை எழுப்பியது எட்மண்டனில் இருக்கும் என் நண்பன் ஞானேஸ்வரனின் தொலைபேசி. அவனுடைய வீட்டுப் பின்வளவில் ஒன்பது வருடமாக ஒரு கார் படங்கு மூடிக் கிடந்தது. துண்டு துண்டாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்கிற கார். கூரை கிடையாது, இரண்டே இரண்டு இருக்கை. அடிச்சட்டமும் எஞ்சினும் சில்லுகளும் பூட்டியிருந்தான். ஒரு புயலில் மதில் சரிந்து விழுந்ததில் அதன் பொனட் இரண்டாகப் பிளந்துவிட்டது. அது சாதாரண பொனட் இல்லை. மூக்கு, இரண்டு பக்க மட்கார்ட், எல்லாம் சேர்ந்த ஒரே துண்டு, கண்ணாடி இழையில் செய்தது. விற்ற கம்பனியும் மூடிவிட்டது, வேறு வாங்க இடமில்லை.

"வந்து கொண்டு போடாப்பா. எனக்கு ஒண்டும் வேண்டாம். மனிசிக்கு அந்த இடத்திலை பூசணி நடவேணுமாம்" என்றான்.

நான் போய்ப் பார்த்தேன். படங்கைத் தூக்கியதும் என்னுடைய செப்டெம்பர் எனக்குக் கண்ணில் தெரிந்தது. அதற்குள் இந்தக் காரைக் கட்டி முடித்து, அரசாங்கச் சோதனையில் பாஸ் பண்ணி, என் கையாலேயே ஒருதரம் ஓட்டிவிட வேண்டும். ஒரேயொரு தரம் போதும். அதற்குப் பிறகு லைசன்ஸை எடுத்தாலும் எடுக்கட்டும். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது வசந்தமலர் ஊசிகளை வாயிலிருந்து எடுத்து, "வெள்ளைக் காரோ?" என்று மட்டும் கேட்டாள்.

குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் ஞானேஸ்வரன் வந்தான். பிரேக், வயர், ஸ்டியரிங் எல்லாம் அவனும் நானுமாகச் சரிசெய்தோம். பெரிய ஸ்பானர் சாவியை இறுக்கிப் பிடித்தால் என் கை அடங்கி நடக்கும். நுணுக்கமான வேலையில்தான் துரோகம் செய்யும்.

பொனட்டை மட்டும் நானே செய்வேன் என்று அடம் பிடித்தேன். வேலை மூன்று படி. முதலில் உடைந்த இரண்டு பாதியையும் பொருத்தி ஒட்டி, பூசி, தேய்த்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியும் ரெசின் பசையும் போட்டு ஒரு அச்சு எடுக்க வேண்டும். பிறகு அந்த அச்சுக்குள் புதிய பொனட்டை வார்க்க வேண்டும். பழையதையே பூட்ட ஏலாதோ என்று ஞானேஸ்வரன் கேட்டான். ஒட்டின பொனட் முதல் குழியிலேயே மறுபடி பிளக்கும் என்று அவனைப் பேசி அனுப்பினேன்.

மார்ச் மாதம் ஒரு நாள், இரண்டு பாதியையும் ஒட்டினேன். வசந்தமலர் இடப் பக்கப் பாதியைப் பிடித்திருந்தாள். நான் வலப் பக்கத்தைப் பிடித்து வெடிப்போடு வெடிப்பைச் சேர்த்தேன். பசை இறுகிய பிறகு பூசி, ஐந்து நாள் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. எங்கே உடைந்தது என்று எவனாவது சொல்லட்டும் பார்ப்போம் என்று சவால் விட்டேன்.

"வடிவாயிருக்கு" என்றாள் அவள். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்தது ரெசின். அதை இறுக வைக்கிற ஹார்ட்னரை அளந்து விட்டதும் பதினைந்து நிமிடத்துக்குள் வேலை முடிய வேண்டும். அதற்குமேல் போனால் கோப்பையோடு கட்டியாகிவிடும். ஒரு பழைய தட்டில் பரீட்சித்துப் பார்த்தேன். துணியை விரிக்கப் போனால் கை நடுங்கி அது சுருங்கியது. சுருக்கத்தை எடுப்பதற்குள் கோப்பை சூடேறிப் புகைந்தது. தூரிகை உலக்கை மாதிரி அதற்குள் நட்டுக்கொண்டு நின்றது. இரண்டாம் தரமும் அதே கதை. மூன்றாம் தரம் கோப்பையைச் சுவரில் எறிந்தேன். தேநீரோடு வாசலில் நின்ற வசந்தமலர் அதைக் கண்டாள். தேநீரை வாங்குப் பலகையில் வைத்தாள். வாயில் இருந்த ஊசிகளை எடுத்துச் சட்டையில் குத்தினாள்.

"உதை என்னட்டைத் தாருங்கோ."

"உமக்கு உது விளங்காது."

"விளங்கின நீங்கள் கிழிச்சது காணும். தாருங்கோ."

இப்படித்தான் அவள் இந்த வேலைக்குள் வந்தாள். எனக்கு ஒரு ஸ்டூல், கையில் நேரம் பார்க்க ஒரு மணிக்கூடு. அவளுக்கு என்னுடைய பழைய பஸ் கோட்டு, கையுறை, இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த முகமூடி. கத்துவது என் பங்கு, செய்வது அவள் பங்கு.

முதல் சண்டை துணியில் வந்தது. அந்தத் துணியைக் கத்தரியால் வெட்டக்கூடாது, ஓரத்தைக் கையால் கிழிக்க வேண்டும். கிழித்த ஓரம்தான் ஒன்றோடொன்று தெரியாமல் கலக்கும். அவள் வாழ்க்கையில் துணியைக் கிழித்தவளில்லை.

"துணியைக் கிழிக்கிறதோ? உங்களுக்கென்ன விசரே?" என்று முகமூடிக்குள்ளிருந்து சத்தம் போட்டாள். நேராக, அழகாக வெட்டி ஒரு துண்டு போட்டாள். காய்ந்ததும் ஓரம் படிக்கட்டு மாதிரித் தெரிந்தது. அதன்பின் கிழித்தாள். கிழிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள்.

மற்றதெல்லாம் அவள் கைக்குத் தானாக வந்தது. ஹார்ட்னரை மருந்து ஊசிக் குழாயால் சொட்டு பிசகாமல் எடுத்தாள். வெள்ளைத் துணி ரெசினைக் குடித்துக் கண்ணாடியாகும் வரை பொறுமையாகத் தட்டினாள். காற்றுக் குமிழ் ஒன்றைக் கண்டால் உருளையால் உருட்டி விரட்டாமல் விடமாட்டாள். வளைவில் துணி மடியாமல் இருக்க எங்கே சின்னக் கீறல் விட வேண்டும் என்று நான் புத்தகத்தைப் புரட்டித் தேடிக்கொண்டிருப்பேன். அவள் கீறி முடித்திருப்பாள். "கமக்கட்டுக்கு வெட்டுற மாதிரித்தான்" என்பாள், பிளவுசின் அக்குள் வளைவைச் சொல்லி. இழைத் தூசி உடம்பெல்லாம் கடித்தது. அரை மணித்தியாலம் பச்சைத் தண்ணீரில் நின்றுவிட்டு, ஒரு முறைப்பாடும் இல்லாமல் சோறு போடுவாள். நான் இவளுக்கு என்ன செய்தேன் என்று அந்த நாட்களில்தான் முதல்முதலாக யோசித்தேன். யோசித்தேனே தவிர, வாய் வழக்கம்போலத்தான் இருந்தது.

அச்சு எடுக்க முன், பழைய பொனட்டின் ஓரங்களைச் சுற்றிப் பலகை வைத்து அரை அங்குலம் நீட்டிக் கட்ட வேண்டும். ஓரம் பிசிராமல் வருவதற்காக. இதை அவளுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் ஆஸ்பத்திரி அப்பொயின்ட்மென்டுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பலகை கட்டி, முதல் பூச்சும் பூசிக் காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் பக்கமான வலப் பக்கப் பின் ஓரத்தில் அரை அங்குலத்துக்குப் பதிலாக இரண்டு அங்குலம் நீண்டு நின்றது.

வேதாளம் முருங்கை மரம் ஏறியது.

"உதென்ன வேலை? அரை அங்குலம் எண்டெல்லோ சொன்னனான்! உது பொனட், பிளவுஸ் இல்லை!"

"பழக்க தோஷம்" என்றாள் தலையை நிமிர்த்தாமல். "பிளவுசுக்கு உள்ளுக்குத் துணி விட்டுத்தானே தைக்கிறனான். நாளைக்கு உடம்பு வைச்சால் பிரிச்சு விடலாம்."

"காருக்கு எங்கையடி உடம்பு வைக்கிறது?"

இது எங்கள் ஆட்களின் தையல் வழக்கம். எந்தப் பிளவுசைத் திருப்பிப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் உள்ளே மேலதிகத் துணி மடிந்து கிடக்கும். பெண்கள் அதை நம்பித்தான் கலியாண வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்து என் காரில் வைத்துவிட்டாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கராஜ் ஒடுக்கம், பொனட்டின் இடப் பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அங்கேயும் இதே கூத்துத்தான் நடந்திருக்கும் என்று எட்டிப் பார்க்கவும் இல்லை.

மே மாதத்தில் ஒரு வெயில் நாளில் உண்மையான பொனட்டை வார்த்தோம். அச்சுக்குள் ஆறு தரம் மெழுகு தேய்த்தாள். பிறகு நிறப்பூச்சு. அவள் தெரிவுசெய்த நிறம் வெள்ளை, நான் எதிர்க்கவில்லை. அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று படை துணி. நான் மணிக்கூட்டைப் பார்த்து, "பத்து நிமிசம்... பன்ரண்டு..." என்று சொல்லச் சொல்ல அவள் ஓடி ஓடி உருட்டினாள். கடைசிப் படை முடிந்து முகமூடியைக் கழற்றியபோது கன்னத்தில் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

அடுத்த நாள் பிளாஸ்டிக் ஆப்புகளை ஓரத்தில் செருகித் தண்ணீர் விட்டோம். கறகறவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெரிய மூச்சு விட்ட மாதிரி அச்சிலிருந்து பொனட் எழும்பி வந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு குமிழ் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க உடனே கோபப்பட வேண்டியிருந்தது. பழைய பொனட்டின் ஓரம் புதியதில் மெல்லிய கோடாகப் பதிந்திருந்தது. அதற்கு வெளியே அந்த இரண்டு அங்குலம். வெட்டும் மெஷினை எடுத்தேன்.

"பொறுங்கோ" என்று என் கையைப் பிடித்தாள். "போட்டுப் பாக்காமல் ஆரும் கத்தரி வைப்பினமோ?"

இருவருமாகத் தூக்கிக் காரின்மேல் வைத்தோம். மூக்கு பொருந்தியது. இடப் பக்கம் பொருந்தியது. வலப் பக்கத்தில், கோடு நிற்க வேண்டிய இடத்துக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே நின்றது. அந்தக் கோட்டில் வெட்டியிருந்தால் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அவளுடைய இரண்டு அங்குலம் அதை மூடி, அதற்கு மேலும் ஒரு அங்குலம் மிஞ்சிக் கிடந்தது.

"சட்டம் கோணல்" என்றேன். "ஞானேஸ்வரன் ஒழுங்காப் பூட்டேல்லை."

"ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் எண்டாளாம்" என்றாள் அவள், கையுறையைக் கழற்றியபடி.

அளவு நாடாவை எடுத்துச் சட்டத்தை அளந்தேன். நேராகத்தான் இருந்தது. மூலையில் கிடந்த பழைய பொனட்டை அளந்தேன். வலப் பக்கம் இடப் பக்கத்தை விட ஓர் அங்குலம் குறைவு. அப்போதுதான் விளங்கியது. மார்ச்சில் நான் ஒட்டியபோது, பசை இறுகும் நேரத்தில் என் கை சறுக்கி வலப் பாதி உள்ளே போயிருக்கிறது. ஐந்து நாள் தேய்த்து, அந்தப் பிழையைத்தான் மினுக்கியிருக்கிறேன்.

இடப் பக்கம் போனேன், அங்கேயும் மிஞ்சியதை வெட்டக் குறிப்பதற்காக. அங்கே அரை அங்குலம்தான் இருந்தது. நான் சொன்ன அதே அரை அங்குலம், நூல் பிசகாமல்.

பிளவுசுக்கு ஒரு பக்கம் மட்டும் துணி விடுகிற தையல்காரி உலகத்தில் இல்லை.

நான் பென்சிலைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அவள் வாங்குப் பலகையில் இருந்தபடி நகத்தில் ஒட்டிய ரெசினைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. குறித்துக் கொடுத்தேன், அவள் வெட்டினாள்.

வீட்டில் கட்டிய கார் ரோட்டில் ஓடுவதற்கு அரசாங்கச் சோதனை கடுமையானது. ஜூலையில் முதல் தரம் போனபோது, நீட்டிக்கொண்டிருந்த ஒரு போல்ட் முனைக்கு மூடி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பொனட்டில் குற்றம் சொல்லவில்லை. அதிகாரி அதன் ஓரம் முழுவதும் விரலை ஓட்டிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். என் மனைவி, பிளவுஸ் தைப்பவர் என்றேன். அவருக்கு என்ன விளங்கியதோ, மறுபடி ஒருதரம் தடவிப் பார்த்தார். ஆகஸ்டில் பாஸ். நம்பர் தகடு வந்தபோது செப்டெம்பருக்குப் பத்து நாள் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சௌத்எண்ட் கடற்கரைக்கு வெளிக்கிட்டோம். பொனட்டில் சந்தனப் பொட்டு, சில்லுக்கு எலுமிச்சம்பழம், எல்லாம் அவள் ஏற்பாடு. கூரையில்லாத காருக்கென்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, தலையில் என்னுடைய குளிர்த் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். பார்க்கிங் ஊரைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. எனக்குமுன் அந்த வெள்ளைப் பொனட் வெயிலில் நீண்டு கிடந்தது. வலப் பக்கம், என் கண்ணுக்கு நேரே, மயிரிழை இடைவெளியில் பொருந்திய ஓரம். ஸ்டியரிங்கைப் பிடித்த கை அடங்கியிருந்தது. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். அன்று ஒரே ஒரு பயணியைத்தான் ஏற்றினேன். இவ்வளவு சந்தோசமாக நான் வண்டி ஓட்டியதே இல்லை.

கடலைப் பார்த்துக் காரை நிறுத்தினேன். அவள் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள், எனக்கு அரைக் கோப்பைதான். சிந்தாமல் இருக்க அவள் எப்போதும் அப்படித்தான் ஊற்றுவாள். அதையும் அன்றுதான் கவனித்தேன்.

"வலப் பக்கம் மட்டும் ரெண்டு அங்குலம் விட்டனீர்" என்றேன். "பிளவுசுக்கு ரெண்டு பக்கமுமெல்லோ விடுறனீர்?"

அவள் கடலைப் பார்த்தாள். "எப்ப கண்டனீங்கள்?"

"மே மாசம்."

"பிறகேன் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை?"

"நீர் ஏன் மார்ச்சிலை வாய் திறக்கேல்லை?"

பிளாஸ்கை இறுக்கி மூடினாள். பிறகு சொன்னாள்:

"ஒட்டேக்கை உங்கடை கை சறுக்கினதைக் கண்டனான். சொல்லியிருந்தால் எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டு மறுபடி போய்க் கட்டிலிலை படுத்திருப்பியள். மனிசனை எழுப்புறதிலும் பாக்க பைபரை நீட்டுறது சுகம்."

எங்கள் ஆட்கள் கடைக்காரனுக்கு நன்றி சொல்வார்கள், டாக்டருக்குச் சொல்வார்கள், பெண்சாதிக்குச் சொல்வதில்லை. நானும் முப்பத்தொரு வருடம் சொல்லவில்லை. அன்று சொன்னேன்.

"நன்றி, வசந்தி."

"என்ன, கலியாண மண்டபத்திலை மைக் பிடிச்ச மாதிரிக் கதைக்கிறியள்?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்தாள். சற்றுப் பொறுத்து, "வெளிக்கிடுவம். மழை வரப் பாக்குது. உங்கடை காருக்குக் கூரையும் இல்லை" என்றாள்.

சாவியை எடுத்தேன். கை நடுங்கியது. முதல் தரம் துவாரத்தில் போகவில்லை, இரண்டாம் தரமும் போகவில்லை. வழக்கமாக இந்த நேரத்தில் அவள் வேறு பக்கம் பார்ப்பாள், நான் எதையாவது பிடித்துத் திட்டுவேன். அன்று அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் மறைக்கவில்லை.

"அவசரமில்லை, ஆறுதலாப் போடுங்கோ" என்றாள்.

போட்டேன்.